சிறிய பட்டன் கத்தி: கலிபோர்னியாவில் வைத்திருக்கலாம் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

தோட்டத்துவாசி (ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதம் வந்து தேறிய பிறகு என் இடது கை விரல்களுக்குப் பிடிமானம் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. கொல்லையில் பாகலுக்கும் அவரைக்கும் பந்தல் கட்டிய சணலை அறுக்கவும், வீட்டு வாசலுக்கு வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவும், ஒரே கையால் திறக்கக்கூடிய சிறு மடக்குக் கத்தி ஒன்று தேவைப்படுகிறது. நகக்குழியில் நகத்தை நுழைத்து இழுக்கும் பழைய பேனாக்கத்திக்கு இரண்டு கைகளும் வேண்டும் என்பதால், பொத்தானை அழுத்தியதும் அலகு தானே விரியும் வகையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கலிபோர்னியாவில் அலகு 2 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் இத்தகைய கத்தியை வைத்திருக்கத் தடையில்லை என்று அறிகிறேன். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் 1.9 அங்குல அலகுள்ள கத்தி மிக மலிவாகக் கிடைக்கிறது. கலிபோர்னியாவில் செல்லும் என்று விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே வைத்திருக்கலாம் என்றால் வரவழைக்கவும் செய்யலாம்தானே? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துறைமுகத்தான் (லாங் பீச், கலிபோர்னியா)

வணக்கம் ஐயா. உடல்நலம் மேலும் தேற வேண்டுகிறேன். சுங்கத் தரகு அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வைத்திருக்கலாம், வரவழைக்கக் கூடாது. இவை இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வரும் வெவ்வேறு செயல்கள்.

நீங்கள் குறிப்பிடுவது மாநிலச் சட்டம். கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 17235ஆம் பிரிவு, பட்டன் கத்தி என்பதற்கு இலக்கணம் சொல்லும்போதே, அலகு 2 அங்குலமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று வரையறுத்துவிடுகிறது. அத்தகைய கத்தியைப் பொது இடத்தில் உடன் கொண்டு செல்வதையும், விற்பதையும், பிறருக்குக் கொடுப்பதையும் 21510ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆகவே 1.9 அங்குல அலகு, எவ்வளவு வேகமாகத் தானே விரிந்தாலும், மாநிலச் சட்டத்தின் பார்வையில் பட்டன் கத்தியே ஆகாது. சரியாக 2 அங்குலம் இருந்தால் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லையைக் கடந்து ஒரு பொருள் உள்ளே வருவதை ஆளுவதோ 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். அதில் அலகின் நீளம் வரையறைக்குள் வரவே இல்லை. கைப்பிடியிலுள்ள பொத்தானையோ வேறு கருவியையோ அழுத்துவதால் தானே திறந்தாலும், ஈர்ப்பு விசையாலோ வீச்சின் வேகத்தாலோ தானே திறந்தாலும், அது தடைசெய்யப்பட்ட கத்திதான். மாநிலம் விட்டு மாநிலம் வணிகமாக அனுப்புவதையும், நாட்டுக்கு வெளியேயிருந்து கொண்டுவருவதையும் அந்தச் சட்டம் ஒரே வலைக்குள் அடக்குகிறது. தண்டனை 2,000 டாலர் வரை அபராதம், அல்லது 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதை நடைமுறைப்படுத்தும் சுங்க விதிகள் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 19ஆம் தலைப்பில் 12.95 முதல் 12.103 வரை உள்ளன. முழுக் கத்தியைத் தவிர்த்துவிட்டு உறுப்புகளாக வரவழைத்து வீட்டில் பூட்டிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த வழியையும் விதி அடைத்துவிட்டது. பொருத்தியதும் தானே திறக்கக்கூடிய உதிரித் தொகுப்பும், அலகில்லாத கைப்பிடியும், தனிப் பயிற்சி இல்லாத ஒருவர் சாதாரணக் கருவிகளைக் கொண்டு சிறிது மாற்றினால் தானே திறக்கும்படி ஆகிவிடும் கத்தியும் அதே வரையறைக்குள் வருகின்றன.

உங்கள் நிலையை ஒட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கை மட்டுமே உள்ளவர் 3 அங்குலம் வரை அலகுள்ள பட்டன் கத்தியை வைத்திருக்கவும் உடன் எடுத்துச் செல்லவும் 1958 சட்டம் விலக்கு அளிக்கிறது. இறக்குமதி விதியிலும் அதற்கு இணையான விலக்கு உண்டு. ஆனால் சட்டத்தின் சொற்கள் கை இல்லாதவரைக் குறிக்கின்றனவே அன்றி, கை இருந்தும் அது இயங்காதவரைக் குறிக்கவில்லை. பக்கவாதத்தாலோ கீல்வாதத்தாலோ ஒரு கை பயன்படாமல் போனவருக்கும் தேவை அதேதான் என்பதால், இந்த விலக்கை விரிவாக்காமல் விட்டிருப்பது நியாயமில்லை என்பதே என் உறுதியான எண்ணம். இருந்தும் எழுதியிருப்பது அதுதான். அதை நம்பி நீங்கள் வெளிநாட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

வடக்குத்தெரு (சான் ஹோசே, கலிபோர்னியா)

துறைமுகத்தான் அண்ணா சொல்வது சட்டப்படி சரி. ஆனால் நாள்தோறும் கணக்கற்ற சிறு பொட்டலங்கள் உள்ளே வருகின்றன. விரல் நீளக் கத்தி ஒன்றை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? என்னுடன் வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்கு எந்தத் தடையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. இன்னொருவருடையது பிடிபட்டது என்றாலும், போனது பொருளின் விலை மட்டுமே.

துறைமுகத்தான்

தம்பி, ஒருவருக்கு வந்து சேர்ந்தது என்பதை வைத்து இன்னொருவருக்கு வழி காட்டுவது முறையாகாது. ஊடுகதிர்ப் படத்தில் துணியும் பிளாஸ்டிக்கும் மங்கலாகத் தெரியும். எஃகு அலகும் அதன் அடியிலுள்ள சுருள் ஸ்பிரிங்கும் பளிச்சென்று தெரியும். மேலும் 800 டாலருக்குள் உள்ள பொருள்களுக்குத் தீர்வையில்லாமல் இருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்ட பிறகு, சிறு பொட்டலம் என்றாலும் அதற்குரிய விவரமும் தீர்வையும் கேட்கப்படுகின்றன. சாவிக்கொத்து, தோட்டக் கருவி என்று விற்பனையாளர் பொய்யாக எழுதி அனுப்பினால், பொய்யான விவரத்தோடு வந்த பொருளுக்கு உரிய முகவரியாக நிற்பது வாங்கியவரின் வீடு.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுங்கத்துறையின் அபராத, பறிமுதல் பிரிவிலிருந்து பறிமுதல் அறிவிப்பு வரும். அதோடு, நீங்கள் எந்த வழியைத் தேர்கிறீர்கள் என்று குறித்து அனுப்ப ஒரு படிவமும் இருக்கும். மனு கொடுப்பதென்றால் அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பொருள் வேண்டாம் என்று கைவிடவும் செய்யலாம். தெரியாமல் நல்லெண்ணத்தில் வரவழைத்ததாக அதிகாரி ஏற்றுக்கொண்டால், சுங்கக் கண்காணிப்பில் திருப்பி ஏற்றுமதி செய்ய விதியில் இடமுண்டு, செலவு நம்முடையது. தனியாள் ஒரு கத்தி வாங்கியதற்கு நான் பார்த்தவரை பொருள் போவதோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் குடியுரிமைக்கோ நிரந்தர வதிவிடத்துக்கோ விண்ணப்பித்திருக்கும் நம்மவர்கள், தங்கள் பெயரில் ஒரு பறிமுதல் பதிவு இருப்பதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கருவிப்பெட்டி (ஆஸ்டின், டெக்சஸ்)

கத்திகளைச் சேகரிப்பவன் என்ற முறையில் இந்தத் தடையின் பின்னணியைச் சிறிது சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் நின்றிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே செய்யப்பட்ட நீண்ட, ஒல்லியான பட்டன் கத்திகளை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அவை பெருமளவில் இறக்குமதியாயின. 1950களில் இளைஞர் குழுச் சண்டைகளைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரைகளும் திரைப்படங்களும் அந்தக் கத்தியை வன்முறையின் அடையாளமாக ஆக்கின. அந்த அச்சத்தின் விளைவாகவே 1958 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சட்டம் கையெழுத்தானது. ஆனால் பட்டன் கத்தி அதற்கும் வெகு காலம் முன்பே அமெரிக்காவில் உழவர்களும் தையல் வேலை செய்தவர்களும் வைத்திருந்த பொருள். 1890களிலேயே ஜார்ஜ் ஷ்ரேட் தம் பொத்தான் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

மாநிலங்கள் ஒவ்வொன்றாக மனம் மாறிவிட்டன. நியூ ஹாம்ப்ஷயர் 2010இல் தடையை நீக்கியது. எங்கள் டெக்சஸ் 2013இல் நீக்கியது. மாசசூசெட்ஸின் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அங்கிருந்த தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கூட்டாட்சிச் சட்டம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. தோட்டத்துவாசி ஐயாவைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டின் மலிவான தெரிவுகள் கிடைக்காமல் போவதற்கு அதுவே காரணம். அதை நீக்க வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே வாதிடுவேன்.

ஐயாவுக்கு ஒரு மாற்று வழி. ஸ்பிரிங் துணையோடு திறக்கும் கத்திகளைப் பார்த்தீர்களா? அவற்றுக்கு இறக்குமதித் தடை இல்லை.

தோட்டத்துவாசி

இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டிலும் ஸ்பிரிங்தானே அலகை விரிக்கிறது?

கருவிப்பெட்டி

தொடக்கம் எங்கே நிகழ்கிறது என்பதில்தான் வேறுபாடு. பட்டன் கத்தியில் ஸ்பிரிங் எப்போதும் அலகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பொத்தானோடு இணைந்த ஓர் எஃகு முளை அலகின் அடிப்பகுதியில் உள்ள வெட்டில் உட்கார்ந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் முளை விலக, அலகு பாய்ந்து விரிந்து, அதே முளை அடுத்த வெட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்கிறது. துணை ஸ்பிரிங் கத்தியிலோ, மூடிய நிலையில் அலகு மூடியே இருக்க விரும்புகிறது. அலகில் உள்ள குமிழையோ, முதுகுப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துடுப்பையோ விரலால் தள்ளி, அந்த எதிர்ப்பைக் கடந்த பிறகுதான் ஸ்பிரிங் கைகொடுக்கிறது.

2009 மே மாதம் சுங்கத்துறை, இவற்றையும் பட்டன் கத்தியாகவே கருதப் போவதாக அறிவித்து, முன்பு தானே கொடுத்திருந்த தீர்மானங்களைத் திரும்பப் பெற முனைந்தது. உற்பத்தியாளர்களும் பயனாளிகளும் பெரிதாக எதிர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று ஒபாமா கையெழுத்திட்ட உள்நாட்டுப் பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழியாக 1958 சட்டத்தில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது: மூடிய நிலையை நோக்கி அலகை இழுத்து வைத்திருக்கும் அமைப்பு இருந்து, அதை வெல்லக் கையாலோ மணிக்கட்டாலோ அலகின்மீதே விசை கொடுக்க வேண்டியிருந்தால், அந்தக் கத்தி தடைக்குள் வராது.

தோட்டத்துவாசி

விளக்கத்துக்கு மிக்க நன்றி. என் வலது கட்டைவிரலிலும் சிறிது கீல்வாதம் இருப்பதால் குமிழைத் தள்ளித் திறப்பது சிரமமே. பொத்தானை அழுத்துவது மட்டும் வலியின்றி முடிகிறது. ஆகவே பட்டன் கத்தியையே சட்டப்படி வாங்கும் வழி இருக்கிறதா?

துறைமுகத்தான்

இருக்கிறது ஐயா. உள்நாட்டில், அதிலும் கலிபோர்னியாவிலேயே செய்யப்பட்ட கத்தியை, கலிபோர்னியாவிலுள்ள கடையில் நேரில் வாங்குவதுதான் மிகச் சுத்தமான வழி. லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் இயங்கும் புரோடெக் நிறுவனம், 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அலகோடு ரண்ட் என்ற சிறு கத்தியைச் செய்கிறது. அது நாட்டெல்லையையும் கடக்கவில்லை, மாநில எல்லையையும் கடக்கவில்லை என்பதால் 1958 சட்டத்தின் வணிகத் தடை அதைத் தொடுவதில்லை. அலகு குறைவு என்பதால் மாநிலச் சட்டமும் தொடுவதில்லை. கெர்ஷா நிறுவனம் ஓரிகனில் செய்யும் லாஞ்ச் வரிசையிலும் 4ஆம் எண் மாதிரி 1.9 அங்குல அலகு கொண்டது. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து வணிகமாக அனுப்பப்படும் கத்திக்கும் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தும் என்பதால், அதையும் இங்குள்ள கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. விலை நீங்கள் பார்த்த வெளிநாட்டுக் கத்தியைவிடப் பல மடங்கு இருக்கும். அந்த வேறுபாடு எனக்கும் வருத்தமே.

வாங்கிய பிறகு பழுது பார்க்க அனுப்ப நேர்ந்தால் அஞ்சல் அலுவலகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பட்டன் கத்தியை அமெரிக்க அஞ்சலில் அனுப்புவது, அரசுத் துறைக் கொள்முதல் அதிகாரிகள் போன்ற சிலருக்கு அனுப்புவதைத் தவிர, தனிச் சட்டத்தின் கீழ் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. வாங்கிய கடையிலேயே நேரில் ஒப்படையுங்கள்.

அலகை அளக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். கத்தித் தொழில்துறை அமைப்புகள் பரிந்துரைக்கும் முறை, கைப்பிடியின் முன் விளிம்பிலிருந்து அலகின் நுனி வரை நேர்கோட்டில் அளப்பது. தீட்டப்பட்ட கூர்முனையை மட்டும் அளந்துவிட்டு 2 அங்குலத்துக்குள் இருக்கிறது என்று சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தீட்டாத அடிப்பகுதியையும் சேர்த்தால் சில கத்திகள் வரம்பைத் தாண்டிவிடும்.

ஆற்றங்கரை அம்மா (சாக்ரமெண்டோ, கலிபோர்னியா)

ஐயா, ஒரு தாயாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், சட்டைப்பையில் இந்தக் கத்தி இருக்கக் கூடாது. கலிபோர்னியாவில் பள்ளி வளாகத்துக்கான 626.10ஆம் பிரிவு, இரண்டரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்திகளை மட்டும் தடுக்கவில்லை. அலகு பூட்டிக்கொள்ளும் எந்த மடக்குக் கத்தியையும் நீளம் பாராமல் தடுக்கிறது. பட்டன் கத்தி விரிந்ததும் பூட்டிக்கொள்ளும் என்று மேலே விளக்கியிருக்கிறார்கள் அல்லவா? நம் வீட்டு ஆண்கள் பலர் காரின் கதவுப் பையிலேயே கத்தியைப் போட்டுவிட்டுப் பள்ளி வாகன நிறுத்தத்துக்குள் போய்விடுகிறார்கள். இந்த ஒரு தடை மிக நியாயமானது என்று நான் கருதுகிறேன்.

துறைமுகத்தான்

நல்ல நினைவூட்டல், அம்மா. இதே வகையில் இன்னொன்று: 1958 சட்டம், கூட்டாட்சியின் தனி அதிகார எல்லைக்குள் பட்டன் கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. அங்கே வணிகமா, சொந்தப் பயனா என்ற கேள்வியும் இல்லை, 2 அங்குலக் கணக்கும் இல்லை. யோசெமிட்டி தேசியப் பூங்கா அத்தகைய நிலம். படைத்தளங்களும் பழங்குடியினர் நிலங்களும் அப்படியே. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு யோசெமிட்டிக்குப் போகும்போது சமையல் கூடையில் இதைப் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள்.

மேப்பிள்நிழல் (ஸ்கார்பரோ, கனடா)

எங்கள் பக்கத்து நிலையையும் பதிவு செய்கிறேன், ஏனெனில் அமெரிக்காவில் வாங்கி எல்லைக்கு இப்பால் கொண்டுவரலாமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். கனடாவின் குற்றவியல் சட்டம், கைப்பிடியிலுள்ள பொத்தானாலோ ஸ்பிரிங்காலோ, ஈர்ப்பு விசையாலோ மையவிலக்கு விசையாலோ தானே திறக்கும் கத்திகளைத் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. அலகின் நீளத்துக்கு எந்த விலக்கும் இல்லை. மணிக்கட்டை உதறினால் விரியக்கூடிய கத்தியும் மையவிலக்கு என்ற சொல்லுக்குள் வந்துவிடுவதால், அமெரிக்காவில் தடையில்லாத துணை ஸ்பிரிங் வகைகூட இங்கே எல்லையில் தடுக்கப்படலாம். பஃபலோவுக்குப் போய் வரும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

தேம்ஸ்கரை (லண்டன்)

பிரிட்டனில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே விற்பனையும் இறக்குமதியும் தடை. 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். தாத்தா காலத்துக் கத்தி என்றாலும் அலமாரியில் இருக்கக் கூடாது.

ரைன்நதி (டோர்ட்முண்ட், ஜெர்மனி)

இங்கே பக்கவாட்டில் விரியும், 8.5 சென்டிமீட்டர் வரையான ஒருபுறக் கூர் அலகு கொண்ட பட்டன் கத்திகள் முன்பு அனுமதிக்கப்பட்டிருந்தன. 2024 அக்டோபர் 31 முதல் அந்த அனுமதி மிகவும் சுருக்கப்பட்டு, ஒரு கையால் மட்டுமே கையாள வேண்டிய தேவை போன்ற தக்க காரணம் உள்ளவர்களுக்கே எஞ்சியிருக்கிறது. தோட்டத்துவாசி ஐயாவின் தேவையை இந்தச் சொற்கள் ஓரளவு நெருங்கி வருகின்றன. அமெரிக்கச் சட்டத்தை விரிவாக்கச் சொல்பவர்கள் இதை எடுத்துக்காட்டலாம்.

வடக்குத்தெரு

அண்ணா, என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன். வெளிநாட்டு ஆர்டரை நான் இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கேள்வி மட்டும். ஊருக்குப் போகும்போது மதுரையிலுள்ள என் மாமாவுக்கு இங்கேயே வாங்கிய சிறு கத்தி ஒன்றைக் கொண்டுபோகலாமா?

துறைமுகத்தான்

கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் உறையிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது தெரிந்ததே. இந்திய ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் பொதுவான வரம்பு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு. டெல்லியில் மட்டும் 1980 அக்டோபரில் வந்த அறிவிக்கை, பொத்தானாலோ ஸ்பிரிங்காலோ திறக்கும் கத்திகளில் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் உள்ளவற்றைக் கட்டுப்படுத்துகிறது. 1.9 அங்குலம் என்பது ஏறத்தாழ 4.8 சென்டிமீட்டர்தான். இருந்தாலும் டெல்லியில் விமானம் மாறுவதாக இருந்தால், அங்கே ஓர் அதிகாரியிடம் பட்டன் கத்தியை விளக்கிக்கொண்டு நிற்பதைவிட, மாமாவுக்கு ஊரிலேயே நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கிக் கொடுப்பது மேல். அவருக்கு இரண்டு கைகளும் நலம்தானே?

தோட்டத்துவாசி

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. சான் ஹோசே பக்கத்துக் கடை ஒன்றுக்கு மகளோடு போய், கலிபோர்னியாவிலேயே செய்த 2 அங்குலத்துக்குக் குறைவான கத்தியை வாங்கிவிட்டேன். கடைக்காரர் அளவுகோலை வைத்து என் கண்முன்னே அளந்தே காட்டினார். பொத்தான் கைப்பிடியின் பரப்போடு ஏறக்குறைய சமமாக உட்கார்ந்திருப்பதால் பையில் தானாக அழுந்தாது என்பது நிம்மதி. திறப்பது எளிது. மூடுவதற்கு மட்டும் இடது கையின் துணை தேவைப்படுகிறது. அதற்கு ஏதேனும் வழியுண்டா?

கருவிப்பெட்டி

உண்டு ஐயா. கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலகின் கூரில்லாத முதுகை உறுதியான மேசை விளிம்பில் வைத்து மெல்லத் தள்ளுங்கள். பாதிக்கு மேல் மடங்கியதும் பொத்தானை விட்டுவிட்டு, விரல்கள் அலகின் வழியில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, மேலும் தள்ளினால் 'டக்' என்று முளை உட்காரும். தொடையில் வைத்து மூடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டாம். பாகல், அவரைக் கொடிகளின் சாறும் சணல் தூசும் முளை உட்காரும் வெட்டில் படிந்தால் அலகு முழுமையாகப் பூட்டாமல் நின்றுவிடும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, அவ்வப்போது அலகின் அச்சில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

தோட்டத்துவாசி

மேசை விளிம்பில் வைத்து மூடிப் பார்த்தேன். இடது கை இல்லாமலே முடிகிறது.